வராத காசு, திரும்பிப் போகும் காசு

1998-இல் ஈபே ஏலத்தில் ஒரு பொருளை விற்றவர், ஏலம் முடிந்த அன்று செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும்தான். அதிக விலை கேட்டவருக்கு மின்னஞ்சல் போடுவார்: பொருளுக்கு இவ்வளவு, தபால் செலவு இவ்வளவு, காசோலையோ மணியார்டரோ இந்த முகவரிக்கு அனுப்புங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். காசோலை தபாலில் வந்து சேர ஒரு வாரம். அதை வங்கியில் போட்டுப் பணமாகப் பார்க்க இன்னொரு வாரம், பத்து நாள். அதுவரை ஏலம் போன பீங்கான் குடுவை பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் அலமாரியிலேயே இருக்கும். சில சமயம் காசோலை வரவே வராது. ராத்திரி ஆவேசமாக விலையை ஏற்றிக்கொண்டே போனவர், காலையில் நிதானம் வந்ததும் ஆளே இல்லாமல் போயிருப்பார். இப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விற்பனையாளர்கள் வைத்த பெயர் ‘டெட்பீட்’. அந்தக் காலத்தில் தொல்லை பிடித்த ஏலதாரர் என்றால் அவர்தான்.

இன்று பெரும்பாலும் ஏலம் முடிந்த சில நிமிடங்களில் பணம் வந்துவிடுகிறது. தொல்லை பொருள் போய்ச் சேர்ந்த பிறகு ஆரம்பிக்கிறது. பெட்டியைப் பிரித்தவர், “படத்தில் பார்த்தது இது இல்லை” என்று ஒரு பொத்தானை அமுக்கினால், வந்த பணம் வந்த வழியே போய்விடலாம். இந்த முப்பது ஆண்டுக் கதையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், தொல்லை பணத்துக்கு முந்தைய பக்கத்திலிருந்து பிந்தைய பக்கத்துக்கு இடம் மாறியது என்பேன். அது இடம் மாறியதும் விற்பவரின் ஆயுதமும் மாறியது. அன்று வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இன்று படம் இருந்தால்தான்.

பியர் ஓமிடியார் 1995 செப்டம்பரில் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் இந்தத் தளத்தைத் தொடங்கியபோது அது ஒரு தனி ஆளின் முயற்சி. உடைந்துபோன லேசர் பாயின்டர் ஒன்றை ஏலம் விட்டுப் பார்த்தார், 14.83 டாலருக்குப் போனது. ஆட்கள் சேரச் சேர சண்டைகளும் சேர்ந்தன. அவன் பணம் அனுப்பவில்லை, இவள் பொருள் அனுப்பவில்லை என்று எல்லாப் புகாரும் ஓமிடியாரின் மின்னஞ்சலுக்கே வந்தன. பஞ்சாயத்துப் பண்ணி அலுத்த மனிதர் 1996 பிப்ரவரியில் ஒரு வழி கண்டுபிடித்தார். புகாரை என்னிடம் சொல்லாதீர்கள், எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள். பாராட்டையும் அங்கேயே எழுதுங்கள். இதுதான் பின்னூட்டப் பலகை. நல்லதுக்கு ஒரு மதிப்பெண் கூடும், கெட்டதுக்கு ஒன்று குறையும். கழித்தல் நாலுக்குப் போனவர் வெளியே போக வேண்டியதுதான்.

ஒரு பின்னூட்டத்துக்கு அன்று 80 எழுத்துக்குள்தான் இடம். அதற்குள் ஒருவரை ஊரறியத் திட்டவும் முடியும், தலையில் தூக்கி வைக்கவும் முடியும் என்று ஜனங்கள் சீக்கிரமே காட்டிவிட்டார்கள். காசு தராதவரை அடக்க அன்று விற்பவர் கையில் இருந்ததே இந்த 80 எழுத்துதான். அது சும்மாவும் இல்லை. பால் ரெஸ்னிக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பழைய படத்தபால் அட்டைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நல்ல பெயர் எடுத்திருந்த விற்பனையாளர் ஒருவர், ஒரே தரமான அட்டைகளைத் தன் பழைய பெயரிலும், யாருக்கும் தெரியாத புதுப் பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு இது. பெயருக்கு விலை உண்டு என்பது எந்தக் கடைவீதியிலும் தெரிந்த சங்கதிதான். எவ்வளவு விலை என்று எண்ணிச் சொன்னது இவர்கள்.

பெயருக்கு விலை வந்ததும் பெயரை வைத்து மிரட்டலும் வந்தது. ஏலம் முடிந்து, பணம் வந்து, பொருளும் போய்விட்ட பிறகு இரண்டு பக்கமும் மௌனமாக உட்கார்ந்திருக்கும். யார் முதலில் பின்னூட்டம் எழுதுவது? வாங்கியவருக்குக் குறை இருக்கும். குடுவையின் விளிம்பில் சின்ன விரிசல், விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவர் குறை எழுதினால் அடுத்த நிமிஷமே விற்றவர் அவருக்குப் பதிலடியாக ஒரு சிவப்புக் குத்து குத்துவார், “பொய்யர், இவரோடு வியாபாரம் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்று. பத்துப் பதினைந்து மதிப்பெண் மட்டுமே வைத்திருக்கும் புதியவருக்கு அது பேரிழப்பு. ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் விற்பனையாளருக்கு ஒரு சிவப்பு ஒன்றுமே இல்லை. ஆகவே வாங்கியவர் வாயை மூடிக்கொள்வார், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு “அருமையான பொருள்” என்று எழுதிவிட்டுப் போவார். அந்தக் காலத்துப் பின்னூட்டங்களில் ஏறத்தாழ 99 சதவீதம் பாராட்டாக இருந்ததைப் பார்த்து, இணையத்தில் எல்லோரும் நல்லவர்கள் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அதில் எவ்வளவு நன்றி, எவ்வளவு பயம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

2008 மே மாதம் ஈபே அந்தக் கத்தியை விற்பவர் கையிலிருந்து பிடுங்கியது. அது முதல், வாங்கியவரைப் பற்றி விற்றவர் நல்லதாக எழுதலாம், இல்லையென்றால் எழுதாமல் இருக்கலாம். குறை எழுத முடியாது. விற்பனையாளர்கள் கொதித்துப் போனார்கள். மாற்றம் நடைமுறைக்கு வரும் முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், இதையும் புதிய கட்டண மாற்றங்களையும் எதிர்த்து ஒரு வாரம் பொருள் போடாமல் புறக்கணிப்பே நடத்தினார்கள். காசு தராமல் ஓடியவரைப் பற்றிக் கூடக் குறை எழுதக்கூடாதா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. ஆனாலும் என்னைக் கேட்டால், அந்த முடிவு சரிதான். பயந்து எழுதிய பாராட்டு அடுத்து வாங்க வருகிறவரைத்தான் ஏமாற்றுகிறது. முரட்டுத்தனமாகச் செய்தார்கள், அது வேறு விஷயம்.

பிடுங்கியதற்குப் பதிலாக ஈபே கொடுத்தவை எல்லாம் சத்தமில்லாத கருவிகள். பிடிக்காத ஏலதாரரின் பெயரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால் அவரால் அதற்குப் பிறகு விலை கேட்க முடியாது. கடந்த ஓராண்டில் வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் விட்ட புகார் உள்ளவர்களை மொத்தமாகத் தடுக்க ஒரு பெட்டியில் டிக் போட்டால் போதும். தபால் அனுப்ப முடியாத நாட்டுக்காரர்களுக்கும் அதே வழி. நாலு நாளில் பணம் வராவிட்டால் விற்றவரே ஏலத்தை ரத்து செய்துவிட்டு, தளத்துக்குக் கட்டிய கமிஷனைத் திரும்பப் பெறலாம்; காசு தராமல் விட்டவர் எழுதிய குறைப் பின்னூட்டமும் நிற்காது. முன்பு இதே காரியத்துக்கு நினைவூட்டல் ஒன்று, எச்சரிக்கை ஒன்று, கெஞ்சல் ஒன்று என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போகும். பதிலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாய் செத்துவிட்டது, வேலை போய்விட்டது என்று கதைகள் வரும். அதில் சில உண்மையாகவும் இருக்கும். இப்போது கதை கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. தொல்லைக்காரர் என்பவர் ஒரு டிக் அடையாளமாகச் சுருங்கிவிட்டார். நிம்மதிதான். ஆனால் நிஜமாகவே வேலை போனவருக்கும் அதே டிக்தான் விழுகிறது.

விலையைக் கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறவர்கள் தனி ரகம். இதில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருப்பார், அல்லது கூட்டாளியோடு சேர்ந்து வருவார். ஒரு கணக்கில் 20 டாலர் கேட்பார். மற்றொன்றில் தலை சுற்றும் விலை ஒன்றைக் கேட்டு வைப்பார். விலையைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஏலம் முடியும் தறுவாயில் பெரிய விலைக்காரர் பின்வாங்க, பொருள் 20 டாலருக்குக் கூட்டாளி மடியில் விழும். இதை அடைக்கத்தான் கடைசி 12 மணி நேரக் கட்டுப்பாடு வந்தது. அந்த நேரத்துக்குள் கேட்ட விலையை, கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெறலாம். அதற்கும் தொகையைத் தவறாகத் தட்டிவிட்டேன் என்பது மாதிரியான காரணம் வேண்டும். 15-க்குப் பதில் 150 என்று விரல் வழுக்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் விரல் வழுக்கியவர் உடனே சரியான விலையை மறுபடி கேட்பார். கேட்காமல் நழுவுகிறவரைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுவது உத்தமம்.

அன்றும் இன்றும் மாறாதது ஒன்று உண்டென்றால் அது கடைசி நொடிப் பாய்ச்சல். ஏழு நாள் சும்மா இருந்துவிட்டு, முடிய ஐந்து நொடி இருக்கும்போது விலை கேட்டுத் தட்டிக்கொண்டு போவது. நம் ஊர் ஏலத்தில் “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று இழுப்பதே இந்த அவசரத்துக்கு இடம் தராமல் இருக்கத்தான். 1999-இல் அமேசானும் ஏலம் நடத்திப் பார்த்தபோது, கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் பத்து நிமிடம் நீளும்படி வைத்திருந்தது. ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரண்டு தளங்களையும் ஒப்பிட்டு, கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயில் அதிகம், அமேசானில் குறைவு என்று 2002-இல் எழுதினார்கள். ஆனால் நிலைத்தது ஈபே ஏலம், மறைந்தது அமேசான் ஏலம். தோற்றவர்கள் இன்றும் விற்றவருக்குக் கோபமாகச் செய்தி அனுப்புகிறார்கள், ஏதோ அவர்தான் கடிகாரத்தை நிறுத்தியது போல.

இனி படம்.

ஆரம்ப ஆண்டுகளில் படம் கட்டாயமில்லை, ஒரு மரியாதை. ஃபிலிம் சுருளில் எடுத்து, கழுவி, அச்சுப் போட்டு, ஸ்கேனரில் வைத்து ஏற்றியவர்கள் உண்டு. தபால்தலை விற்றவர்களுக்கு ஸ்கேனர் போதும். குடுவை விற்றவர்கள் குடுவையையே ஸ்கேனர் கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1997-இல் சோனி நிறுவனம் ‘மேவிகா’ என்ற டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தது. செங்கல் மாதிரி கனம். படம் நேரே ஃபிளாப்பி வட்டில் பதிவாகும். வட்டைக் கழற்றிக் கணினியில் செருகினால் முடிந்தது வேலை. 640க்கு 480 புள்ளிதான், இன்றைய கைபேசிக்காரர் சிரிப்பார். ஆனால் ஈபே விற்பனையாளர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

எடுத்த படத்தை வைக்க ஈபேயில் இடம் கிடையாது. வேறு எங்காவது இணையத்தில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியைப் பொருள் விளக்கத்துக்குள் நிரல் வரியாக எழுத வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் படத்துக்குப் பதில் சிவப்புப் பெருக்கல் குறி. பின்னாளில் ஈபே தானே இடம் கொடுத்தபோது முதல் படம் இலவசம், அடுத்தடுத்த படத்துக்குத் தலா 15 சென்ட். தேடல் பட்டியலில் சின்னப் படம் தெரிய வேண்டுமானால் அதற்குத் தனியாக 25 சென்ட், பிறகு 35. ஐந்து டாலர் பொருளுக்கு யார் நாலு படம் போடுவார்கள்? விரிசல் தெரியும் கோணம்தான் முதலில் விடுபடும். பெரும்பாலும் கஞ்சத்தனம், சில சமயம் வசதி.

போட்ட படங்களிலோ திருவிழா. மினுக்கும் நட்சத்திரம், சுற்றும் கொடி, பூ வேலைப்பாட்டு ஓரம், படத்தின் குறுக்கே மஞ்சள் எழுத்தில் “தபால் செலவு இலவசம்”. இதற்கிடையில் அடுத்தவர் எடுத்த நல்ல படத்தைத் திருடித் தன் பொருளுக்குப் போட்டுக்கொள்கிறவர்கள் வேறு. திருட்டுப் படம் உரியவரின் சேமிப்பிடத்திலிருந்தே இழுக்கப்பட்டால், உரியவர் அந்த முகவரியில் வேறு படத்தை மாற்றி வைத்துப் பழி தீர்ப்பார். வெள்ளி டீ கெட்டில் இருந்த இடத்தில் “இவர் திருடர்” என்ற வாசகம் தோன்றும். கெட்டில் என்றதும் இன்னொன்று: பளபளப்பான பாத்திரத்தைப் படமெடுக்கும்போது எடுப்பவரும் அதில் தெரிவார் என்பதை மறந்து, வீட்டில் இருந்த கோலத்திலேயே கேமராவைத் தூக்கியவர்களின் படங்கள் உலகம் சுற்றியிருக்கின்றன.

படம் எப்படிப் பொய் சொல்லும் என்பதற்கு 2000 மே மாதத்து ஓவிய ஏலத்தை மிஞ்சிய பாடம் இல்லை. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரத்து வழக்கறிஞர் கென்னத் வால்டன் ஒரு பெரிய அரூப ஓவியத்தை 25 சென்ட் ஆரம்ப விலையில் போட்டார். பழைய சாமான் விற்பனையில் வாங்கியது, மனைவி வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள், பிள்ளை ஓட்டிய மூன்று சக்கர வண்டி இடித்து ஓட்டையாகிவிட்டது என்று அப்பாவி மாதிரி ஒரு கதை. யார் வரைந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. படத்தில் மட்டும் மூலையில் ‘ஆர்.டி. 52’ என்ற கையொப்பம் தெரிந்தது. ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் முதலெழுத்துகள் என்று பார்த்தவர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. அதில் வால்டனும் கூட்டாளிகளும் பல பெயர்களில் ஏற்றிவிட்டதும் உண்டு. அதைக் கண்டுபிடித்து ஈபே ஏலத்தை ரத்து செய்தது. வழக்கு வந்தது, வால்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், வழக்கறிஞர் தொழிலும் போயிற்று. பிறகு இதையே புத்தகமாக எழுதினார். விளக்கத்தில் எழுதினால் பொய் என்று பிடிபடுவதைப் படத்தில் காட்டினால் பார்ப்பவரே எழுதிக்கொள்வார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தேடல் பட்டியலில் சின்னப் படம் 2008-இல் இலவசமானது. கட்டாய விதிகள் 2013-இல் வந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது ஒரு படம். நீளப் பக்கம் 500 புள்ளிக்குக் குறையக்கூடாது. ஓர வேலைப்பாடு கூடாது. படத்தின் மேல் விளம்பர எழுத்து கூடாது. புத்தகம், இசைத்தட்டு போன்ற சில வகைகள் தவிர, பயன்படுத்திய பொருளுக்கு நிறுவனத்தின் விளம்பரப் படத்தைப் போடக்கூடாது, உள்ள பொருளையே எடுத்துப் போட வேண்டும். திருவிழா முடிந்தது. முதலில் எல்லாக் கடையும் ஒரே வெள்ளைச் சுவர் மாதிரி ஆகிவிட்டதே என்று தோன்றியது. ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்கு இடைஞ்சல் எடுபட்டது உண்மை. வெளியே படம் வைத்துப் பழகியவர்களுக்குக் கடைசி அடி 2017-இல் விழுந்தது. ஃபோட்டோபக்கெட் என்ற சேமிப்புத் தளம், பிற தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் என்று திடீரென்று கேட்டது. எத்தனையோ பட்டியல்களில் பொருள் இருந்த இடத்தில் கட்டணம் கேட்கும் அறிவிப்புதான் தெரிந்தது.

விதிகள் வந்த அதே 2013 டிசம்பரில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் இளைஞர் ஒருவர் எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுக் கருவி என்று நினைத்து 450 பவுண்டு கொடுத்து வாங்கினார். வந்தது அந்தக் கருவியின் அச்சிட்ட புகைப்படம். ‘எக்ஸ்பாக்ஸ் புகைப்படம்’ என்றுதான் விளக்கத்தில் எழுதியிருந்தது. அவரும் படித்துத்தான் இருந்தார். ஆனால் விளையாட்டுக் கருவிகள் வரிசையில் போட்டிருந்தார்களே என்று நம்பிவிட்டார். பணம் திரும்பக் கிடைத்தது. வார்த்தையில் ஒளிந்துகொள்கிற விற்பனையாளரை விட்டு வைப்பதில்லை என்ற நிலைக்குத் தளம் அப்போது வந்திருந்தது. பொருள் சேர்ந்து 30 நாளுக்குள் “சொன்னபடி இல்லை” என்று வாங்கியவர் புகார் போடலாம். விற்றவருக்குப் பதில் சொல்ல மூன்று வேலை நாள். “திரும்பப் பெறமாட்டோம்” என்று பெரிதாக எழுதி வைத்திருந்தாலும் இந்தப் புகாருக்கு முன் அது செல்லாது. திரும்பி வரும் தபால் செலவும் விற்றவர் தலையில்.

நேர்மையான விற்பனையாளருக்கு இன்றைய தொல்லை இங்கேதான் இருக்கிறது. வாங்கியவர் தன் வீட்டில் ஏற்கெனவே இருந்த கெட்டுப்போன கேமராவைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பலாம். வாங்கிய வேகத்தில் மனம் மாறியவர், இல்லாத கீறலைக் கண்டுபிடிக்கலாம். வாய்ச்சண்டை இங்கே உதவாது. புகாரைப் படிக்கும் ஊழியர் முன் இரண்டு பக்கத்துப் படங்களும் இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய லென்ஸ் ஒன்றுக்குக் கூட இருபது படம் எடுக்கிறார்கள். இப்போது 24 வரை இலவசம். வரிசை எண்ணை நெருக்கத்தில் ஒன்று. உள்ளே டார்ச் அடித்து, பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று தெரிய ஒன்று. கீறலுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. கடைசியில் பெட்டியில் வைத்து நாடா ஒட்டும்வரை வீடியோ. வீடியோ பட்டியலில் போட அல்ல, சண்டை வந்தால் காட்ட.

இப்படி எடுக்கிறவர்களுக்குக் கைபேசியே ஒரு எதிரி. அது எல்லாவற்றையும் அழகாக்கித் தொலைக்கிறது. மங்கிய செம்பு நாணயம் படத்தில் புதுச் செம்பாக ஜொலிக்கும். பின்னணியை நீக்கி வெள்ளையாக்கும் கருவி, தபால்தலையின் ஓரப் பற்களில் ஒன்றிரண்டைக் கடித்துவிடலாம். சேகரிப்பாளருக்குப் பல் போன தபால்தலை பாதி விலை. அழகாக எடுத்த படம் விலையை ஏற்றும், அதே படம் “சொன்னபடி இல்லை” என்ற புகாரையும் கொண்டுவரும். குறையை இரண்டாவது படமாகவே போட்டுவிடுவது நல்லது. பதினெட்டாவதாகப் போட்டால் யாரும் அதுவரை தள்ளிப் பார்ப்பதில்லை.

இந்தியாவுக்கு இந்த ஏலம் வந்த வழி, 2004-இல் ஈபே விலைக்கு வாங்கிய ‘பாஸி’ தளம். வாங்குகிறவர் பணத்தைப் பிடித்து வைத்து, பொருள் சேர்ந்த பிறகு விற்றவருக்குக் கொடுக்கும் ‘பைசாபே’ ஏற்பாடு இங்கே நன்றாகவே ஓடியது. முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்பத் தயங்கும் நமக்கு அது பொருந்தியது. 2017-இல் ஈபேயின் இந்தியத் தளம் ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. நாணயம், தபால்தலை, பழைய தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்களில் பலர் அதற்குப் பிறகு வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களுக்கு நகர்ந்துவிட்டார்கள்.

அங்கே போய்ப் பார்த்தால் 1996 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நூறு ரூபாய்க்கு ஆரம்பித்த ஜார்ஜ் மன்னர் காலத்து நாணயம் ராத்திரி பத்து மணிக்கு முடியும். எடுத்தவர் காலையில், “அண்ணா, ஊர்ல இல்ல, சம்பளம் வந்ததும் ஜிபே பண்ணிடுறேன்” என்பார். “தம்பி, போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க” என்று விற்றவர் எல்லோர் முன்னாலும் கேட்பார். ரெண்டு பேர் சமாதானம் சொல்வார்கள், ஒருவர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவார். கடைசியில் நிர்வாகி வந்து தீர்ப்புச் சொல்வார். மூன்று முறை இப்படிச் செய்தவரைக் குழுவை விட்டுத் தூக்குவார்; அந்த ஆள் வேறு எண்ணில் திரும்பி வருவார்.

படத்துக்கும் நிர்வாகிகள் சொந்தமாக விதி வைத்திருக்கிறார்கள். நாணயத்தின் இரண்டு பக்கமும் வேண்டும், ஃபில்டர் கூடாது, கூகுளில் எடுத்த படம் கூடவே கூடாது. சில குழுக்களில் இன்னும் ஒன்று கேட்கிறார்கள்: விற்பவர் தன் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு துண்டுத் தாளில் பேனாவால் எழுதி, நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டும். பொருள் கையில் இருக்கிறது, இன்று இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பெரிய தளங்கள் எழுத்தே இல்லாத வெள்ளைப் பின்னணியை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, இங்கே துண்டுத் தாள் இல்லாத படத்துக்குக் கீழே முதல் கேள்வியாக யாராவது, “சார், சீட்டு எங்கே?” என்று கேட்டுவிடுகிறார்கள். சீட்டு வரும்வரை யாரும் விலை கேட்பதில்லை.